நாய் மூக்குக்கு நாற்பது சதவீதம் மெஜந்தா

இருபத்தாறு வயதிலேயே அனுபவக் குறிப்பா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பிரஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

1. எழுதாத கலர்

விலங்கியல் படித்தவள் நான். டீச்சர் டிரெய்னிங்குக்குப் போகச் சொன்ன வீட்டாரோடு மல்லுக்கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் வந்து, ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் கலர் பிரிவில் சேர்ந்தேன். மூன்று மாதம் டிரையல். “தேறுனா வச்சுக்கோ. இல்லன்னா பஸ் ஏத்தி விட்ரு” என்று முதலாளி என் முன்னாலேயே பால்ராஜ் மாஸ்டரிடம் சொன்னார்.

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களுக்கு அப்போது ஓவியர் கருப்புக் கோட்டுப் படம் மட்டும்தான் தருவார். எதற்கு என்ன நிறம் என்று கூடவே ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்து நாங்கள் பிலிமில் கலர் பிரிப்போம். புல் என்றால் மஞ்சள் நூறு சதவீதம், சயான் என்ற நீலம் ஐம்பது. சீட்டில் இல்லாததை நாமே யோசித்துப் போட வேண்டும்.

டிரையல் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மெட்ராஸ் பதிப்பாளர் ஒருவரின் பதினாறு பக்கப் புத்தகம் வந்தது. ஆட்டுக்கிடைக்குக் காவல் ஒரு வெள்ளை நாய். ஆட்டுக்குட்டியைத் தூக்க வந்த நரி, சுண்ணாம்பில் புரண்டு தானும் வெள்ளையாகி நாயின் பக்கத்தில் வந்து நிற்கிறது. குட்டி எப்படித் தப்பிக்கிறது என்பதுதான் கதை.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: நாய் வெள்ளை. நரி முதலில் செம்பழுப்பு, பிறகு வெள்ளை. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நரி மூக்குக்கு முழுக் கருப்பு. நாய் மூக்குக்கு மெஜந்தா நாற்பது, மஞ்சள் பத்து. மாஸ்டர் பார்த்தார், பிளேட் போடுகிறவர் பார்த்தார், மிஷின்மேன் பார்த்தார். ஒருவருக்கும் உறுத்தவில்லை. எட்டுப் பக்கம் கொண்ட பெரிய தாளின் ஒரு புறம் முழுவதும் அச்சில் ஓடி முடிந்தது.

2. “எந்த ஊர்ல?”

பதிப்பாளர் ஆண்டாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தவர், அப்படியே பிரஸ்ஸுக்கும் வந்தார். கூடவே அவர் பையன். ஐந்து வயது இருக்கும். கையில் பால்கோவா பொட்டலம். மேஜையில் விரித்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்ன சார் இது? நாய்க்கு மூக்குல புண்ணா?”

“எங்க சார்?” என்று மாஸ்டர் குனிந்தார்.

“ரோஸ் கலர்ல இருக்கே! பன்னி மாதிரி!”

“வெள்ள நாய்க்கு மூக்கு அப்படித்தான சார் இருக்கும்?”

“எந்த ஊர்ல?”

“இந்த ஊர்லதான். எங்க ராஜபாளையம் நாய்க்கெல்லாம் வெள்ள உடம்பு, ரோஸ் மூக்குதான சார்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏ பிள்ள, சீட்டுல இல்லாத கலர நீ எப்படிப் போட்ட?”

“இல்லாததுனாலதான் முதலாளி போட்டேன்.”

“நாய் மூக்கு கருப்புன்னுகூடவா எழுதித் தரணும்?” என்றார் பதிப்பாளர்.

“வாயப் பாரு!” என்று முதலாளி என்னைச் சொல்லிவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார். “பால்ராஜ், இந்தப் பிள்ளைக்கு டிரையல் முடிஞ்சிருச்சு. அம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஓட்டு.”

என் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் இனி என்ன பேச்சு கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகப் பதிப்பாளர் ஒரு தாளை எடுத்து, மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் நாய் மூக்கைக் கருப்பாக்கினார். போகிற போக்கில் அதை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் கிடை வாசலில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. எது நாய், எது நரி? வாரம் முழுக்க அந்தப் படத்தோடு இருந்த எனக்கே தெரியவில்லை.

பையைக் கீழே வைத்தேன். “சார், செத்த நேரம் பொறுங்க. தம்பி, இங்க வா.”

பையனுக்கு முதலில் அவன் அப்பா திருத்திய தாளைக் காட்டினேன். நாயையும், செம்பழுப்பு நரியையும் காட்டிக் கதை சொல்லிக்கொண்டே பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். “இதுல நரி எங்க?”

பார்த்தான், பார்த்தான். “நரி இல்ல. ரெண்டும் நாய்.”

திருத்தாத தாளை விரித்தேன். அதே கதையை மறுபடி சொல்லிப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். கேள்வியை நான் முடிக்கவே இல்லை. பால்கோவா விரலைப் படத்தின் மேல் ஒரே குத்தாகக் குத்தினான்.

“இதான்! இதான் திருட்டு நரி! மூக்குக்குச் சுண்ணாம்பு அடிக்க மறந்துட்டான்!”

மிஷின்மேன்தான் முதலில் சிரித்தார். பதிப்பாளர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கையெழுத்துப் பிரதியின் பதினைந்தாம் பக்கத்தை எடுத்தார். ‘வாசனையை வைத்து ஆட்டுக்குட்டி கண்டுபிடித்துவிட்டது’ என்று இருந்தது.

“வாசனை படத்துல தெரியாது சார்” என்றேன். “மூக்கு தெரியும்.”

அவர் அந்த வரியை அடித்துவிட்டு மகன் சொன்னதை எழுதினார்: ‘எல்லாம் சரி நரியாரே, மூக்குக்குச் சுண்ணாம்பு அடிக்க மறந்துவிட்டீரே!’ பதினைந்தாம் பக்கம் தாளின் மறுபுறத்தில் வருவது. அது இன்னும் ஓடவில்லை. எழுத்து இருக்கும் கருப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும்.

“மிஷின ஓட்டச் சொல்லு பால்ராஜ்” என்றார் முதலாளி. பிறகு என் பையைப் பார்த்தார். “நீ எங்க கெளம்பிட்ட? ஒனக்கு பஸ்ஸு சாயங்காலந்தான?”

3. கற்றது

ஊருக்கெல்லாம் தெரிந்தது என்று நாம் நினைப்பது பல நேரம் நம் ஊருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சீட்டில் எதையும் விடாமல் எழுதி வாங்குங்கள். குழந்தைகளுக்கான புத்தகத்தைத் தப்பு என்று தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு குழந்தையிடம் காட்டுங்கள்.

அடுத்த மாதமே அதே பதிப்பாளரிடமிருந்து அடுத்த புத்தகம் வந்தது. யானை, குரங்கு, கூடவே ஒரு நாய். கலர் சீட்டு இந்த முறை இரண்டு பக்கம். யானையின் நகத்துக்குக்கூட நிறம் எழுதியிருந்தார்கள். நாய்க்கு நேராக மட்டும் இப்படி இருந்தது:

‘மூக்கு: ராஜபாளையம் பிரஸ்ஸில் இருக்கும் அந்தப் பெண்ணைக் கேட்கவும்.’