சொதிக் கறை

எங்கள் பக்கத்தில் காப்பெற் என்றால் முதலில் தார் போட்ட தெருதான். "உங்கடை றோட்டுக்குக் காப்பெற் போட்டாச்சோ?" என்று கேட்பார்களே, அது. ஆகையால் லண்டனிலிருந்து வந்த சின்னம்மா, "அக்கா, உனக்கொரு காப்பெற் கொண்டு வந்தனான்" என்றதும் தர்மபுரத்து வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுருளை அவிழ்த்தால் பால் வெள்ளைக் கம்பளம்! எங்கள் புழுதிக்கும் சேற்றுக்கும் பால் வெள்ளை! புத்தியுள்ள மனுசர் யாராவது கொண்டுவருவார்களா? ஆனால் கொண்டுவந்தவர் அம்மாவின் ஒரே தங்கை. முன் அறையில், அப்பாவின் கதிரைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே விரித்தாயிற்று.

விரித்தவர் விரித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். கறை எடுக்கிற வேலை என் தலையில். சின்னம்மா அங்கே பத்து வருடம் வீடுகள் துப்புரவாக்கியவர், ஒவ்வொரு கறைக்கும் போனில் வகுப்பு எடுப்பார். "தேய்க்காதை பிள்ளை. தேய்ச்சால் உள்ளுக்கை இறங்கும். வெள்ளைத் துணியாலை ஒத்தி ஒத்தி எடு." தேத்தண்ணீர் கொட்டினால் உடனே ஒத்திவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து மறுபடி ஒத்த வேண்டும். கரண்ட் போன நாளில் சிந்திய மெழுகை இறுகவிட்டுக் கரண்டியால் சுரண்டி, மிச்சத்துக்கு மேல் தாளை வைத்து இளஞ்சூட்டில் அயன் பண்ண வேண்டும். செருப்புச் சேறு என்றால் காயும்வரை கையே வைக்கக்கூடாது. எனக்குத்தான் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாதே. ஈரச் சேற்றைத் தேய்த்து, உள்ளங்கை அளவு அழுக்கைத் தட்டு அளவு ஆக்கியவள் நான்.

அதிகம் பட்டது அப்பாவின் பேனை மைதான். அந்தக் கதிரையில் இருந்துதான் அவர் கடிதங்கள் எழுதுவார், என் தம்பியைத் தேடித் தரச் சொல்லி.

போரின் கடைசிச் சண்டையில் அப்பாவுக்குக் காலில் காயம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள், நான் ஏறினேன். அம்மாவும் பன்னிரண்டு வயதுத் தம்பியும் கரையில் நின்றார்கள். பல கிழமைகள் கழித்து, நாங்கள் இருந்த அகதி முகாமுக்கு அம்மா மட்டும் வந்து சேர்ந்தார். "சனத்துக்கை கை விட்டுப்போச்சு. பிறகு அவனைக் காணேல்லை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அப்பா எழும்பி நடக்கத் தொடங்கியதும் தேடத் தொடங்கினார். காணாமல் போனவர்களின் வீட்டார் நீதி கேட்டுக் கூடும் பந்தலில், தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒருநாள் போய் இருப்பார். வீட்டுக்கு வந்தால் கோபம் எல்லாம் அம்மா மேல். "இறுக்கிப் பிடிச்சிருந்தா அவன் இண்டைக்கு இஞ்சை நிண்டிருப்பான்." எத்தனை வருடம்! அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கோபம் இருந்தது. பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்து வைத்திருக்க முடியாதா? அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

நான் சொல்ல வந்த அந்த நாளில் அப்பா பந்தலுக்குப் போயிருந்தார். இரண்டு மணி பஸ்ஸில் சாப்பிட வருவார். அம்மா குசினியிலிருந்து, தேங்காய்ப்பாலும் மஞ்சளும் விட்டுக் காய்ச்சிய சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தபோது கம்பளத்தின் ஓரம் காலில் தட்டிற்று. சட்டி நழுவி, மஞ்சள் சொதி முழுக்க வெள்ளையில் போயிற்று.

"என்னம்மா நீங்கள்! கையிலை இருக்கிறதை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதே உங்களுக்கு?"

வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் சட்டியைப் பற்றியது இல்லை. அம்மா குனிந்து சட்டியை எடுத்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வேலையில் காட்டினேன். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை எடுத்துவந்து, முழங்காலில் நின்று, பிரஷால் தேய்தேய் என்று தேய்த்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். சட்டைகளில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! அந்த அவதியில் அது எங்கே நினைவுக்கு வந்தது? வெள்ளைக் கம்பளத்தில் ஒரு முழத்துக்குச் சிவப்பு பரவிவிட்டது. நல்ல இரத்தச் சிவப்பு.

அம்மா என்னை ஒரு தள்ளுத் தள்ளினார். சேலைத் தலைப்பைச் சுருட்டி அந்தச் சிவப்பின்மேல் வைத்து, இரண்டு கையாலும், முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினார்.

"நிக்குதில்லை" என்றார். "அமத்த அமத்த வருது. நிக்குதில்லை, பிள்ளை."

"அம்மா, இது சொதி. சவர்க்காரம் பட்டுச் சிவந்திட்டுது. இஞ்சை பாருங்கோ, சொதியம்மா."

"விலாவிலை பட்டது. சீலையை மடிச்சு வைச்சு இப்பிடித்தான் அமத்தினனான். தண்ணி கேட்டான். ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நான் கையை விடேல்லை. கடைசிமட்டும் விடேல்லை."

"தம்பியோ அம்மா?"

"ஓம். மண்ணுக்கை கிடத்தி மூடிப்போட்டுத்தான் வந்தனான்."

ஐயோ, என் தம்பி! இவ்வளவு காலமும் அவனுக்கு மீசை முளைத்திருக்கும், எந்தச் சிறையில் வைத்திருந்தாலும் சாப்பாடு கொடுப்பார்கள்தானே, கல்யாண வயது வந்துவிட்டதே என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பன்னிரண்டு வயதோடு முடிந்துபோயிருந்தான். அம்மாவின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். அழுதபடியே சண்டையும் பிடித்தேன். "ஏனம்மா சொல்லேல்லை? இவ்வளவு பேச்சையும் ஏன் வாங்கினனீங்கள்?"

"கொப்பர் காயத்தோடை கிடந்தவர். அவன் வருவான் எண்டுதான் அந்த மனுசன் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது. எழும்பி நடக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு பாத்தன். எழும்பினார். அவனைத் தேடித்தான் நடந்தார். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்ல?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மாதான் முதலில் எழும்பினார். முகத்தைக் கழுவிவிட்டு, நாலு தேசிக்காயை வெட்டிக் கொண்டுவந்தார். எலுமிச்சைச் சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு கலைந்து பழையபடி மஞ்சளாயிற்று. மிச்ச மஞ்சளை எடுக்க வெயிலை விட்டால் வேறு மருந்து இல்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துப் போய் முற்றத்தில் விரித்தோம். "அவன்ரை கதை கொப்பருக்குத் தெரியக்கூடாது" என்றார் அம்மா. தலையை ஆட்டினேன்.

அப்பா படலையைத் திறந்ததுமே கம்பளத்தின் மஞ்சள் கறைதான் கண்ணில் பட்டது. தம்பியின் படம் கக்கத்தில் இருந்தது.

"கொம்மாவோ ஊத்தினது? எதைத்தான் ஒழுங்காப் பிடிச்சவ அவ?"

அம்மா கதவடியில் நின்றார்.

"இல்லை அப்பா, நான்தான். என்ரை கை தவறிப்போச்சு."

அப்பாவின் முகம் உடனே இளகிவிட்டது. "சரி விடு பிள்ளை. கை எண்டால் ஒருநேரம் தவறுந்தானே. அதுக்கு ஏன் அழுதனீ?" என்று என் தலையைத் தடவிவிட்டுக் கை கழுவப் போனார்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டார்.