காதுகுத்துக்கு மறுநாள் போட்டி

எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்து மூன்று நான்கு வருடம் ஆகிறது. அப்படி எதுவும் எனக்குக் கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்கி வைத்தேன், சோற்றைக் கையால் தடுத்தேன், அவ்வளவுதான். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் தங்கையின் மாமியார் என் இலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே தம்பி. எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று புரியாமல் சிரித்து வைத்தேன்.

"பாத்தியா, சிரிக்கிறாரு. கூடத்தான் இருக்கும்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். பாயசம் வருவதற்குள் பந்தி முழுக்க எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

மறுத்திருக்கலாம். மறுத்தால், அப்புறம் ஏன் சோறு சாப்பிடுவதில்லை என்று அடுத்த கேள்வி வரும். நான் பாடிபில்டர் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை; தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். ரேஷன் கடையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கி வருகிற ஆள் நான். சர்க்கரை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆவாரம்பூப் பொடியைக் கையில் கொடுத்துவிட்டு அவரவர் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

கீரனூரில் ஒரு சிமெண்ட் குடோனில் லோடுமேன் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இருபது வயதில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தேன். ஜிம் என்றால் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் நினைக்க வேண்டாம். அஸ்பெஸ்டாஸ் கூரை, துருப்பிடித்த கம்பி, மழை பெய்தால் நடுவில் ஒரு வாளி.

"பகலெல்லாம் மூட்டை தூக்குற ஆளு, சாயங்காலமும் தூக்கணுமாம். அதுக்குக் காசு வேற கட்டணுமாம். அந்த மூட்டையவே ரெண்டு தடவ தூக்கிட்டு வந்தா என்ன?" என்று என் மனைவி கேட்பாள்.

சரியான கேள்விதான். ஆனால் மூட்டையை எப்படித் தூக்கினாலும் லாரி நிறையும். ஜிம்மில் ஏனோதானோவென்று தூக்கினால் முதுகுதான் போகும். குடோனில் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று பார்ப்போம். ஜிம்மில் எவ்வளவு மெதுவாகச் செய்கிறோம் என்று பார்ப்பார்கள். சும்மா கிடந்த ஒரு சதை மெதுவாக எழுந்து கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் விட முடியாது.

மேடையில் ஜட்டியோடு நிற்பது கூச்சமாக இல்லையா என்று மனைவி கேட்டாள். மேடையில் விளக்கு நேரே கண்ணில் அடிக்கும். கீழே இருக்கிறவர்கள் ஒருவரும் தெரியமாட்டார்கள். இருட்டைப் பார்த்துத்தான் கையை மடக்குகிறோம். அதனால்தான் என்னால் நிற்க முடிந்தது. நின்று நிறையக் கோப்பைகளும் வாங்கினேன். பெரிய கோப்பையில் மனைவி புளி போட்டு வைத்திருக்கிறாள். அடுத்ததில் வடகம்.

ஜிம் மாஸ்டர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பகலில் மோட்டார் காயில் கட்டுகிறார். நான் ஒரு தடவை ஜெயித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போவதாகச் சொன்னார். முகம் வேண்டாம் என்று கெஞ்சினேன். மனுசன் கழுத்துக்குக் கீழே மட்டும் போட்டு வைத்துவிட்டார். அதன் அடியில் நின்றுதான் ஒரு மாதம் பஸ் ஏறினேன். "யார்ரா இந்தத் தலையில்லாதவன்?" என்று என் பக்கத்தில் நின்றே பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் முட்டை வெள்ளைக்கரு எனக்கு, மஞ்சள்கரு தெரு நாய்க்கு. எனக்கு உடம்பு ஏறியதைவிட அதற்கு அதிகமாக ஏறியது. கூடவே நின்று ஒரு போட்டோ எடுத்தால் அதுதான் சாம்பியன் என்பார்கள்.

நாற்பது தாண்டியவர்கள் பிரிவில் வருடா வருடம் நான்தான் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். போன வருடம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அதைத் தட்டிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். இருந்தது. திருச்சியில் அடுத்த போட்டி என்றதும் இந்தத் தடவை திரும்ப வாங்கியே தீர வேண்டும் என்று உடம்பை வருத்தினேன். முட்டி தேய்ந்துகொண்டு வருகிறது. இன்னும் எத்தனை வருடம் மேடை ஏறுவேனோ தெரியாது.

தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்களுடைய அய்யனார் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டிப் பந்தி. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒரே தாய்மாமன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் நாங்கள் உப்பை விடுவோம், கொஞ்சநஞ்சம் தின்கிற சோற்றையும் விடுவோம், கடைசியில் தண்ணீரையும் குறைப்போம். தோல் சதையோடு ஒட்டிப்போகும். முந்தின நாள் மட்டும் உப்பில்லாத சோறு, வெல்லம், வாழைப்பழம் என்று வயிறு கொள்ளும் மட்டும் சாப்பிட வேண்டும். அப்போதுதான் வற்றிக் கிடக்கிற சதை புடைத்து எழும். அந்த ஒரு நாளை விட்டால் மேடையில் கொத்தவரங்காய் வற்றல் மாதிரிதான் நிற்க வேண்டும். வருடம் முழுக்கச் சோற்றை ஒதுக்கிய நான் ஆசையாகச் சாப்பிட வேண்டிய ஒரே நாள், எனக்குச் சர்க்கரை என்று நம்புகிற அத்தனை பேரும் கூடுகிற நாள்.

"நான் தூக்குவாளில கட்டித் தாரேன். எங்கிட்டாவது மரத்தடியில ஒதுங்கிச் சாப்பிட்டுக்கங்க" என்றாள் மனைவி.

மாஸ்டர் வேறு ஒன்று செய்தார். மேடைக்கு உடம்பில் சாயம் பூசுவார்கள். நான் நல்ல கறுப்பு. இருந்தாலும் அந்த விளக்குக்கு நம் கறுப்பு போதாதாம், கறுப்புக்கு மேல் கறுப்பு அடிக்க வேண்டுமாம். முதல் பூச்சு முந்தின நாளே ஊறினால்தான் பிடிக்கும் என்று விடியற்காலையில் ஜிம்முக்கு வரச்சொல்லி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை பூசிவிட்டார். "முழுக்கைச் சட்டை போட்டுக்கங்கண்ணே. வேர்க்காம மட்டும் பாத்துக்கங்க" என்றார். அய்யனார் கோயில் பொட்டலில் உச்சி வெயிலில் வேர்க்காமல் இருக்க வேண்டும்.

கோயிலில் இறங்கியதுமே தங்கையின் மாமியார் தூக்கை வாங்கித் திறந்து பார்த்துவிட்டார். வெள்ளைச் சோறு, வெல்லம், வாழைப்பழம். என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டி, சர்க்கரைக்காரருக்கு வெல்லமாடி கட்டியாருவ? ஒனக்குத் தாலி கனக்குதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோயில் மணியைப் பார்த்தேன். பழம் பிள்ளைகளுக்குப் போனது. வெல்லம் பொங்கல் பானைக்குப் போனது. சோற்றைக் காக்காய்க்கு வைத்தார்கள். காக்காய் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கென்று தனியாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சியிருந்தார்கள். உப்புப் போட்டு.

மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பட்டுப்பாவாடை. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் அது நெளிந்து, உதைத்து, மொட்டைத் தலையை என் நெஞ்சில் வைத்துத் தேய்த்தது. நானும் விடாமல் கட்டிப் பிடித்தேன். கொட்டகைக்குள் நூறு பேர் மூச்சு. எனக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு காதும் குத்தி முடித்து ஆசாரி நிமிர்ந்தார்.

"மாமாவுக்கு என்னமோ வடியுதே" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து வயிறு வரை காப்பி கொட்டினது போல இருந்தது. பிள்ளையின் மொட்டையில் சந்தனத்துக்கு மேல் இன்னொரு பூச்சு. பட்டுப்பாவாடையைச் சொல்லவே வேண்டாம்.

தங்கையின் மாமியார் கிட்டே வந்து என் மணிக்கட்டைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திப்போச்சு. தோலு வழியா எறங்குது" என்றார்.

தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர், எல்லாரும் வந்த வேனைத் திருப்பச் சொல்லி ஓடினார். "கெவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மச்சான். ஒரு பாட்டில் ஏத்துனா நாளைக்குச் சாயங்காலம் விட்டுருவாங்க" என்றார்.

நாளைக்குச் சாயங்காலம் தஞ்சாவூர்க்காரர் கோப்பையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ளே" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. ரெண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லவா?"

சொன்னேன். "எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்லை. நான் பாடிபில்டர். இது பூசின சாயம். நாளைக்குத் திருச்சில போட்டி. எனக்குச் சோறு வேணும்."

வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. தங்கை வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மச்சான், ஜட்டியோட நின்னு இப்பிடி இப்பிடி பண்ணுவாங்களே, அதுவா?"

"அதுதான் மாப்ளே."

"நீங்களா?"

தங்கையின் மாமியார் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயந்து கதை விடுகிறேன் என்று நினைத்தார். "சட்டையக் கழட்டுங்க தம்பி, பாப்போம்" என்றார்.

வேன் உறுமிக்கொண்டு நின்றது. நான் பொத்தானைக் கழற்றினேன். மேடையாவது பரவாயில்லை. இங்கே பட்டப்பகல், எல்லார் முகமும் தெரிந்தது, வெற்றிலை போட்ட வாய்கூடத் தெரிந்தது. அய்யனாரின் மண்குதிரையை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் மடக்கி, நெஞ்சை விரித்து நின்றேன். சாயம் பாதி போய் வரிக்குதிரை மாதிரி இருந்திருப்பேன்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "குதிரைக்கும் மாமனுக்கும் நெஞ்சு ஒண்ணு போலத்தான்யா இருக்கு."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. தங்கையின் மாமியார் என் புஜத்தை விரலால் குத்திப் பார்த்தார். "புளியங்கட்டையாட்டம் இருக்கு" என்றார். மறு கையையும் குத்திப் பார்த்தார். "இம்புட்டையும் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டா என் ஆவாரம்பூவ வாங்கித் தின்னீங்க?"

வேன் என்ஜினை அணைத்தார்கள். தலைவாழை இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மலை மாதிரி சோறு வந்தது. கண் நிறைந்துபோனது. அதற்கு மேல் கறிக்குழம்பை ஊற்றப் போனார்கள்.

"அத்தை, எனக்கு உப்பில்லாம..."

"உப்பில்லாமயா? தாய்மாமன் எலையில உப்பில்லாச் சோறு வச்சாங்கன்னு ஒங்க ஊரு பேசுறதுக்கா? இத்தன வருசம் ஒங்களப் பட்டினி போட்ட பாவம் எனக்கு இருக்கு தம்பி. சாப்பிடுங்க."

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த தைரியம் எல்லாம் சட்டையைக் கழற்றியதிலேயே தீர்ந்துவிட்டது. குழம்பு ஊற்றினார். தாய்மாமனுக்கு என்று எடுத்து வைத்த ஈரல் வந்தது. ரசம் வந்தது. ஊறுகாய்கூட வந்தது. உப்பு சேர்ந்தால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர். ஒரு வாரம் வாயைக் கட்டினவன் அத்தனையும் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் திருச்சியில் மாஸ்டர் என் வயிற்றைப் பார்த்தார். முந்தின நாள் பட்டை பட்டையாக இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

"என்னண்ணே இது, தண்ணியில ஊறுன அப்பளமாட்டம்?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. காதுகுத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி அதிலிருந்து இறங்கியது.

மேடையில் வழக்கம்போல விளக்கு கண்ணில் அடித்தது, யாரும் தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்தது. "தம்பி, அங்கிட்டுப் பாக்காதீங்க, நாங்க இங்கிட்டு இருக்கோம்." காது சூடானது. முதுகைக் காட்டி நிற்கச் சொன்னபோது விசில் பறந்தது. தஞ்சாவூர்க்காரர் முன்னால் வந்ததும், "இந்தாளு எண்ணெயத் தேச்சு மினுக்குறாரு, அதப் பாக்காதீங்க சார்" என்று ஜட்ஜுக்குப் புத்தி சொன்னார் தங்கையின் மாமியார். மைக்கில் இரண்டு தடவை அமைதி காக்கச் சொன்னார்கள். மூன்றாம் தடவை எங்கள் வேனைக் குறிப்பிட்டே சொன்னார்கள்.

தஞ்சாவூர்க்காரர்தான் ஜெயித்தார். நான் இரண்டாவது. பக்கத்தில் நின்றபோது அவர் வயிறு வரி வரியாக இருந்தது. என் வயிற்றில் ஈரல் இருந்தது.

சொந்தபந்தம் எல்லாம் வந்து கொண்டாடியது முதல் பரிசைவிடப் பெரிசு என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பரிசுதான் வேண்டியிருந்தது. மாஸ்டர் கீரனூர் வரும் வரை என்னோடு பேசவில்லை. பின் சீட்டில் என் சொந்தக்காரர்கள் ரெண்டாவது பரிசுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது, "அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ணே" என்றார் மாஸ்டர். சொன்னேன், ஒரு வார்த்தைக்குப் பதிலாக ஐந்து வாக்கியம் சொன்னேன், அதனால் வந்த வினைதான் இது என்று சொல்ல நினைத்தேன்.

அடுத்த போட்டிக்கும் வேன் வேண்டும் என்று தங்கையின் மாமியார் டிரைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். இந்தத் தடவை முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே ஆக்கிப் போடப் போகிறாராம். தேதி என்றைக்கு என்று கேட்டு வாரம் தவறாமல் போன் வருகிறது.

"இன்னும் முடிவாகலை அத்தை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிவாகிவிட்டது. நேற்றிலிருந்து உப்பையும் நிறுத்திவிட்டேன்.