இரண்டாவது படகு

படகுத்துறையில் அப்பா இருந்தார். அத்தையின் அஸ்திச் செம்பை ஏந்தியபடி அத்தை மகள் இருந்தார். பூசாரி இருந்தார், நான் இருந்தேன். சித்தப்பா இல்லை. அவருடைய கார் மட்டும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு சாலையோரம் நின்றது. உள்ளே அவர் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

அத்தை கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பிகள் இருவரும் ஒரே படகில் போய்த் தன்னைக் கடலில் கரைக்க வேண்டும்.

சில வருடங்களாக அவர்களுக்குள் பேச்சில்லை. என் தங்கையின் கல்யாணத்துக்கு அப்பா எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் முழுக்கத் தட்டோடு போய் அழைத்தார். பாயான் பாருவில் இருந்த சித்தப்பாவுக்கு மட்டும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடப்பிறந்தவனுக்கு எதற்கு அழைப்பு என்று அப்பா நினைத்தார். கூடப்பிறந்தவனுக்கு இவ்வளவுதானா என்று சித்தப்பா நினைத்தார். கல்யாணத்துக்கு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மனத்தாங்கல் கொண்டவர்களை எப்படிப் பேசவைப்பது என்று அங்கே ஒரு பாடமே உண்டு. யார் சரி என்று கேட்கக் கூடாது, அவரவர் மனதில் உள்ளதை எடுத்துச் சொல்ல வேண்டும். அதை நம்பிக் காருக்கு நடந்தேன்.

“அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும். வந்துடுறேன்,” என்றார் சித்தப்பா. கண்கள் சிவந்திருந்தன.

அப்பாவிடம் திரும்பி வந்தேன். “சித்தப்பா மனசு ரொம்பக் காயப்பட்டிருக்குப்பா.”

“காயமா? அவன் அப்படியா சொன்னான்?”

“அப்படியே இல்ல...”

“அவன் வாயில அந்த வார்த்தையே வராதுடா. உன் யூனிவர்சிட்டி தமிழ் வேணாம். அவன் சொன்னதச் சொல்லு.”

சொன்னேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை நோக்கிப் பாதி தூரம் போனார். கதவு திறந்தது. சித்தப்பா ஒரு காலை வெளியே வைத்தார்.

“வாடா, போலாம்,” என்றார் அப்பா.

“நேர்லயே கூப்பிடுறீங்களா? இதையும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கலாம்லா, அண்ணே.”

சித்தப்பாவின் உதடு கோணியது. அது சிரிப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் இருவரும் இப்படித்தான் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“அக்கா செம்புக்குள்ள இருக்கு. உனக்கு இப்பவும் அந்தப் பேச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

“மாமா, அம்மா கேட்டது...” அத்தை மகளால் முடிக்க முடியவில்லை.

தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது என்று படகோட்டி அவசரப்படுத்தினார். சித்தப்பா யார் முகத்தையும் பார்க்காமல் பக்கத்துப் படகில் ஏறி உட்கார்ந்தார். அத்தை மகள் பூசைக்குக் கொண்டுவந்த பால் செம்பைக் கழுவித் துடைத்து, தன் அம்மாவில் பாதியை அதில் சாய்த்தார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கடலில் இரண்டு படகுகளும் கூப்பிடு தூரத்தில்தான் நின்றன. யாரும் கூப்பிடவில்லை.

கரைக்கு வந்ததும் இரண்டாவது படகுக்கான பணத்தை அப்பாவும் நீட்டினார், சித்தப்பாவும் நீட்டினார். யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் படகோட்டி விழித்தார். அத்தை மகள் இருவர் கைகளையும் விலக்கிவிட்டு, அத்தையின் பழைய பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்.

நூற்றைம்பது வெள்ளி.