பழனியில் மட்டும் செல்ஃப் எடுக்காத கார்

எங்கள் காருக்கு மலை பிடிக்கும், பழனி பிடிக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபத்தேழு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று என் கணவர் கேட்பார். பின்னே எப்படிச் சொல்வது? பேத்துப்பாறையில் எங்கள் வீட்டு வாசலில், விரல் விறைக்கிற குளிரில், விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பிவிடும். அதே கார் பழனியில், மத்தியான வெயிலில், உடம்பெல்லாம் கதகதப்பாக நிற்கும்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஊர் உலகத்தில் கார்கள் குளிரில்தான் மக்கர் பண்ணும்.

மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் அது. கார்புரேட்டர் வைத்தது, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இழுத்துவிடுகிற சோக்கு உள்ளது. மகனுக்கே இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது. பெங்களூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அதைக் காயலான் கடையில் போடச் சொல்வான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவான்.

எங்களுக்கு அந்தக் கார் கிளம்பியே ஆக வேண்டும். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் பழனியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்தால் மனிதர் துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி ஆகிவிடுவார். மலைப் பாதையில் பஸ்ஸில் வந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி. சீசனில் டாக்சிக்காரர்கள் சுற்றுலாக்காரர்களை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரை இப்போது நான் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் சந்தைக்கும் சர்ச் வரைக்கும் மட்டும் ஓட்டியவள்.

இந்தக் கோளாறு ஒவ்வொரு தடவையும் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஐந்து தடவை ஒழுங்காகக் கிளம்பும், ஆறாவது தடவை காலை வாரும். தைப்பூச சமயத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வாசலில் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். ‘அரோகரா’ சொல்லித் தள்ளினார்கள், இரண்டே எட்டில் என்ஜின் பிடித்துக்கொண்டது. முருகனே ஆள் அனுப்பித் தள்ளவேண்டிய நிலைமையில் கெடக்கு நம்ம வண்டி என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காரை எங்கே நிறுத்தினாலும் மூக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்போம். செல்ஃப் எடுக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரில் உருட்டிவிட்டால் போதும். அதனால் மலைக்கார வண்டிகளுக்குப் பாதி நோய் வெளியே தெரிவதே இல்லை. பழனி ஆஸ்பத்திரி முற்றம் தட்டை. அங்கே காரை உருட்ட ஆள் வேண்டும்.

மெக்கானிக்குகள் பேட்டரியை மாற்றினார்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொடைக்கானல் முழுக்கக் காட்டினேன். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், மறுநாள் காலைக் குளிரில், நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற கதைதான். ‘வண்டி நல்லாத்தானே இருக்கு மேடம்’ என்று அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில், கோளாறு எங்கே இருப்பதாக நினைக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பனிதான் காரணம் என்றார் ஒருவர். பனியே இல்லாத ஊரில்தானே நிற்கிறது என்றேன். அப்படியா என்று தலையைச் சொறிந்தார்.

இந்த அழகில் ஒரு நாள் பழனியில் கார் ‘டக்’ என்றதும், பக்கத்து சீட்டிலிருந்து கணவர் மெல்லச் சொன்னார், “சோக்க இழுத்துப் பாரேன்.”

சோக்கு என்பது குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பதற்கு. சூடாக இருக்கிற என்ஜினுக்கு அதை இழுத்தால் பெட்ரோல் அடைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “இந்த வெயிலுக்குச் சோக்கா? மெஷின்ல ரத்தத்தோட மூளையையும் கழுவிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டேன். ஓட்டுகிறவளுக்கு எல்லாம் தெரியும், இனிமேல் வண்டிக்குள் பேசக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டேன். அவர் கட்டுப்பட்டார். அதற்கப்புறம் வண்டியில் வாயே திறக்கவில்லை. சொன்னதை நினைத்து ராத்திரி வருத்தப்பட்டேன்தான், ஆனால் சட்டத்தை வாபஸ் வாங்கவில்லை. வகுப்பறைப் புத்தி.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வாட்ச்மேன் ஒருவர் மட்டும் வந்து பின்னால் கை வைத்தார். கார் அசையவில்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், கார் சட்டென்று நகர்ந்தது, கிளட்ச்சை விட்டேன், என்ஜின் பிடித்தது. நிம்மதியாகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தால் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் கணவர் நிற்கிறார். எப்போது இறங்கினார் என்றே தெரியவில்லை. இடது கையில், சற்றுமுன் ஊசி எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு சிவந்துகொண்டிருந்தது. அவர் அதை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஓடினோம். நர்ஸ் இருபது நிமிஷம் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். பிடித்துக்கொண்டே என்னைத் திட்டினார். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கை அது, அதில் ரத்தம் பாய்கிற வேகம் தெரியுமா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டார். 

மலை ஏறினோம். வீட்டு வாசலில் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு நான் நிமிர்ந்தபோதுதான் சொன்னார். “என்னால உனக்கு எதுக்கு இம்புட்டு சோலி. போதும், இனிமே நான் வரல.” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். இரண்டு தடவை தவறினால் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கு இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. 

புதன்கிழமை பெருமாள்மலை முக்கில் இருக்கிற பட்டறைக்குப் போனேன். அது விவசாயிகளின் ஜீப்புகளைப் பார்க்கிற இடம் என்பதால் அதுவரை அங்கே போகத் தோன்றவில்லை. நடத்துகிறவருக்கு நாற்பது வயதிருக்கும், எல்லோருக்கும் அவர் பாய். கணவரைத் தனியாக வீட்டில் விட்டுப்போகப் பயந்து கூட்டிப்போயிருந்தேன். மப்ளர் சுற்றிக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கார், சொல்ல வேண்டுமா, முதல் திருப்பிலேயே கிளம்பிக் காட்டியது.

பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. டீ வரவழைத்துவிட்டு, கார் கதவோரம் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். நான் பேட்டரி, மோட்டார், வோல்டேஜ் என்று ஒரு பீரியட் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், “வண்டி என்ன செய்யுதுன்னு வண்டியே சொல்லிக்கிரும் டீச்சர். கெளம்புறப்ப உங்க கை என்ன செய்யுது, கெளம்பாதப்ப என்ன செய்யுது? அதச் சொல்லுங்க.”

சாவியைத் திருப்புகிறேன், வேறென்ன செய்வேன் என்றேன். அப்போது கணவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். வண்டிக்குள் பேச அனுமதி உண்டா என்று கேட்கிற பார்வை அது. பிறகு பாயிடம் சொன்னார், “காலையில சோக்க இழுப்பா. பழனியில இழுக்கிறதில்ல. வேற வித்தியாசமே கெடையாது.”

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. மலையில் அந்தச் சத்தத்தைக் கேட்பது அதுதான் முதல் தடவை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. சோக்கை இழுத்துத் திருப்பச் சொன்னார். முனகிக்கொண்டே என்ஜின் சுற்றியது. தள்ளினால் டக், இழுத்தால் சுற்றும். அப்புறம் பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற சோக்குக் கம்பியைக் காட்டினார். “வெரசா தொட்டு எடுத்துருங்க,” என்றார். தொட்டேன். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

பக்கத்தில், என்ஜினையும் காரின் உடம்பையும் இணைக்கிற எர்த் வயர் இருந்தது. விரல் தடிமன் வயர். பச்சை பூத்து, உதிர்ந்து, நான்கைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது.

பேட்டரியிலிருந்து புறப்படுகிற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இதைத்தான் இருபத்தேழு வருஷம் கரும்பலகையில் வட்டம் போட்டு வட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அத்தனை மெக்கானிக்கும் அது போகிற வழியைப் பார்த்தார்கள். வருகிற வழியை நானும் பார்க்கவில்லை. வருகிற வழி அறுந்துபோனதும் அது வேறு வழி தேடியிருக்கிறது. பெட்ரோலுக்குக் கட்டளை கொடுக்க மட்டும் செய்து வைத்த சைக்கிள் பிரேக் கம்பி மாதிரியான அந்தச் சோக்குக் கம்பியை, யாருக்கும் தெரியாமல், வழியாக்கிக்கொண்டிருக்கிறது. சோக்கை இழுக்கும்போது கம்பியின் உறை இறுகி நன்றாகத் தொட்டுக்கொள்ளும், மின்சாரம் வீடு திரும்பும். தள்ளிவிட்டால் உறை தளர்ந்துவிடும், அப்புறம் எர்த் வயரில் மிஞ்சிய நான்கைந்து இழை தாங்கினால் கிளம்பும், தாங்காவிட்டால் ‘டக்’. நான் காருக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வருஷமும் ஒவ்வொரு விடியற்காலையும் அந்தக் கம்பி எங்களுக்காகச் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பெட்ரோல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. தீப்பிடிக்காமல் இருந்தது உங்க நல்ல நேரம் என்றார் பாய்.

அந்தக் கம்பியைத் துணியால் பிடித்துக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார், “இதுக்கு இது சோலியே இல்ல டீச்சர். ஆனா இம்புட்டு நாளும் இதுதான் தூக்கிக்கிட்டு கெடந்திருக்கு.”

காருக்குள் கணவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் புது எர்த் வயரும் புது சோக்குக் கம்பியும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து இட்லி எடுத்து வைத்தேன். வாருங்கள் என்று கூப்பிடத் தைரியம் வரவில்லை. வேலை செய்கிற பாவனையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

டயாலிசிஸ் நடக்கும்போது உறவினர்களை உள்ளே ஐந்து நிமிஷம் விடுவார்கள். இரண்டு வருஷமாக அந்த ஐந்து நிமிஷத்தில் நான் அவர் முகத்தையும் மெஷினின் நம்பரையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டு குழாய்களைப் பார்த்தேன். ஒன்றில் ரத்தம் போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. ஒரு சொட்டுகூட வெளியே தங்குவதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு வட்டத்தைப் போட்டிருக்கிறார்கள், அதில் என் வீட்டுக்காரர் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊசி குத்தாத இடத்தில் அவர் கையைத் தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் பாய்வது கிர்ரென்று விரலில் தெரிந்தது. அது இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. என்ன என்று கண்ணாலே கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணி. அதே முற்றம், அதே வெயில். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் தயாராகப் பின்பக்கம் வந்து நின்றார். சோக்கைத் தொடாமல் சாவியைத் திருப்பினேன். திருப்பி முடிப்பதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேனுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

பழனியைத் தாண்டி மலையடிவாரம் வந்தோம். அப்புறம் அவர் கேட்டார், “இப்ப பேசலாமா, டீச்சர்?”

“பேசுங்க,” என்றேன். 

“ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுற. அடுத்து அதுதான் போகும்.”

பிறகு நிறுத்தவே இல்லை. வளைவுகளில் ஹாரன் அடிக்கிற முறை, இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிற முறை, முன் டயரில் காற்று என்று பெருமாள்மலை வரைக்கும் பேசினார்.  வீட்டு வாசலில் காரை மூக்குப் பள்ளம் பார்க்க நிறுத்தியதும், இறங்கி, நான் எடுப்பதற்கு முன்னால் அவரே குனிந்து சக்கரத்துக்குக் கல்லை வைத்தார்.

“செவ்வாக்கெழம அரை மணி முன்னாடியே கெளம்பிருவோம்,” என்றார். “லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா நீ ரொம்பக் கோவப்படுற.”