அக்கா இறங்கி நடந்த வேகத்தடைகள்

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு சிவப்புக் கார் வேகத்தடையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போனது. கர்ரென்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் தீய்ந்த வாசனை. ஓட்டியவர் ஒன்றும் நடக்காதது போல வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே முகத்தை வைத்துக்கொண்டு நானும் ஓட்டியவன்தான்.

பல வருஷங்களுக்கு முன்பு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை, வீடு ராஜபாளையத்தில். ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். அதே அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் என்னோடு வருவார்கள். பின் சீட்டில் இருவர். ஏறியதும் செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எங்களை மறந்துவிடுவார்கள். முன் சீட்டு சண்முகத்தாய் அக்காவுக்கு. தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளர் ஆனவர். நாற்காலியிலேயே தேய்ந்த முதுகு. பஸ்ஸில் நின்றுகொண்டு வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் கோப்புகளில் இருந்த தப்புகளை அதிகாரி கண்ணில் படும் முன்பே பென்சிலால் திருத்திக் கொடுத்தவர் அவர். அதனால் அந்த முன் சீட்டு யாரும் சொல்லாமலே அவருடையதாகிவிட்டது.

எனக்கோ அழகுக்காகக் காரின் உயரத்தைத் தாழ்த்த வேண்டும். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பார்க்கும்போதெல்லாம் கணுக்காலுக்கு மேலே வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வயது அப்படி. ஸ்பிரிங்கை வெட்டிவிட்டால் போதும், புதிது எதற்கு என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, லேத் பட்டறையில் கொடுத்து நாலிலும் ஒன்றரைச் சுற்று வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தேன். அட்டகாசமாக இருந்தது. தனியாக ஓட்டினேன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நாலு பேரும் சாப்பாட்டுப் பையோடு ஏறினோம். முதல் வேகத்தடையிலேயே தரை தட்டியது. பின் சீட்டில் முனகல் கேட்டது. அக்காதான் கதவைத் திறந்தார்.

"பொறு தம்பி, நாங்க எறங்கிக்கிடுதோம்."

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வழியில் ஏழு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் மூன்று பேரும் இறங்குவார்கள், கார் காலியாகத் தாண்டும், மறுபடி ஏறுவார்கள். ரோட்டோரம் இளநீர் விற்றவர் ஒருநாள் கேட்டார்: "என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?"

"மக்கர் இல்லண்ணே, இது பேஷன்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேல இருக்குப்பா, நான் பஸ்ல வந்துக்கிடுதேன்" என்றார் அக்கா. மறுநாளும் அந்த வேலை இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. கடைசியில் பின் சீட்டுக்காரர் ஒருவர் உடைத்துச் சொன்னார்.

"அவிய இடுப்புல பெல்ட்டு போட்டுட்டு வாராவ. இப்படியே போனா வேலைய விட்டுரலாமான்னு யோசிக்காவ. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

அன்று எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

நேரே மெக்கானிக் சுப்புராஜ் அண்ணாச்சியிடம் போனேன். அவருடைய பட்டறை மாம்பழ மண்டிக்குப் பின்னால் இருந்தது. சீசனில் கிரீஸ் வாசனையும் சப்பட்டை மாம்பழ வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் வீட்டில் மாம்பழம் நறுக்கினால் எனக்கு கிரீஸ் ஞாபகம்தான் வரும். மனைவியிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அண்ணாச்சிக்கு வீட்டில் தெலுங்கு. காரின் முன்பக்கத்தை ஓங்கி அமுக்கிவிட்டு, அது எத்தனை தரம் ஆடுகிறது என்று "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணுவார். நல்ல வண்டி ஒன்றோடு நிற்க வேண்டும். என் வண்டி நாலு வரை போனது.

"ஸ்பிரிங்க மட்டும் குட்டையாக்கிட்ட, ஷாக் அப்சார்பர் பழைய நீளம். அது அசைய எடம் எங்க இருக்கு?" என்றார். தாழ்வாக இருப்பதற்கென்றே செய்த ஸ்பிரிங்கும், அதற்குத் தோதான குட்டை ஷாக் அப்சார்பரும் ஜோடியாகப் போட வேண்டும் என்றார். அழகுக்காகப் போடும் ஒல்லி டயர் பேச்சையே எடுக்கக் கூடாதாம்.

"எம்புட்டு எறக்கலாம் அண்ணாச்சி?"

"அதப் பொறவு பாப்போம். யாரு யாரு உக்காருவாவ? அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வா, சாப்பாட்டுப் பையோட. ஆளில்லாம அளந்தா அந்த வண்டி போட்டோ புடிக்கத்தான் ஆகும்."

மறுநாள் அக்காவின் மேசை முன்னால் போய் நின்றேன். "உங்க இடுப்ப நாந்தாங்க்கா கெடுத்தேன். ஞாயித்துக்கெழம பட்டறைக்கு வரணும். உங்கள உக்கார வச்சு அளக்கணுமாம்."

அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தப்பக் கண்டுபுடிச்சிட்டல்ல? திருத்திக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அளவெடுப்பதற்காக அண்ணாச்சி வேறொரு வண்டியின் முழு நீள ஸ்பிரிங்குகளை என் காரில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொருவரிடமும் எடை கேட்டார். "அதெல்லாம் இத்தன பேரு முன்னால சொல்ல முடியாது, டேப்ப வச்சு அளந்துக்கிடுங்க" என்றார் அக்கா. அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல், காலி வண்டியையும் ஆள் ஏறிய வண்டியையும் அளந்து, கார் எவ்வளவு அமுங்குகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். அந்தக் கணக்குக்கு ஏற்ற ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் இரண்டு வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. மாட்டி, அலைன்மென்ட் பார்த்து முடித்தபோது ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு விரல் இடைவெளி தெரிகிறதே என்று இழுத்தேன்.

"அது இருக்கட்டும். அது அந்தம்மாவுக்கு" என்றார்.

திங்கட்கிழமை முதல் வேகத்தடையில் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டேன். அக்கா கதவைத் திறக்கவில்லை. "போ" என்றார். ஒரு தரம் அமுங்கி, ஒரு தரம் எழுந்து, கார் தாண்டியது. நாலாவது வேகத்தடைக்குப் பிறகு பேச்சைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தார். பின் சீட்டுக்காரர்கள் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் மடித்து வைத்தார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா முழு சர்வீஸையும் முடித்து ஓய்வு பெற்றார். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பின் சீட்டுக்காரர்களில் ஒருவருக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. இன்னொருவர் சொந்தக் கார் வாங்கிவிட்டார். நான் மட்டும் அதே காரில் போய்வருகிறேன். மெத்தென்ற ஸ்பிரிங்காக மாற்றித் தருகிறேன் என்று அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். மனம் வரவில்லை. நாலு பேரை உட்கார வைத்து அளந்து போட்டது அது. என் ஒருவன் எடைக்கு அமுங்குவதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் தூக்கித்தான் போடுகிறது.