சாமியாருக்கு அனுப்பிய காப்பி

ஐம்பதுகளின் தொடக்கம். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். நான் பிறந்தது, வளர்ந்தது, பதினான்கு வயதில் கூடை தூக்கியது எல்லாம் அந்த மலையில்தான். அங்கே நான் கடைசியாகக் கண்ட பூசை என்னுடைய கல்யாணப் பூசை. அது நடந்த விதத்தை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தோட்டத்தில் கோயில் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பழைய துரை காலத்தில் குதிரை கட்டியிருந்த கொட்டடியைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள். எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களுக்கும் அதுதான் கோயில், பிராட்டஸ்டண்டுக்காரர்களுக்கும் அதுதான். அவர்களுக்கு உபதேசியார் உள்ளூரிலேயே இருந்ததால் ஞாயிறு தவறாமல் ஆராதனை நடக்கும். எங்களுக்குப் பூசை வைக்கச் சாமியார் கீழேயிருந்து மலையேறி வரவேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிய காரியம். அவர் வரும்போது நாங்கள் புனிதர்களின் சுரூபங்களை எடுத்து வைப்போம், அவர் போனதும் பிராட்டஸ்டண்டுக்காரர்களுக்காக எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் ஆராதனைக்கு நாங்கள் போனதில்லை, எங்கள் பூசைக்கு அவர்கள் வந்ததில்லை. மற்றபடி உப்பு, மிளகாய், குழந்தை, கோழி எல்லாம் வீட்டுக்கு வீடு போய்வரும்.

எனக்கு மாப்பிள்ளை சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தம்ளரை வாங்கும்போது கை நடுங்கி வேட்டியில் கொட்டிக்கொண்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் அம்மாவுக்குத்தான் என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த அம்மாவுடைய அண்ணன் மகள் ஒருத்தி ஊரில் காத்திருந்தாள். மகன் பிடிவாதம் பிடித்ததால் சம்மதித்திருந்தார், அவ்வளவுதான்.

சாமியார் குறித்துக் கொடுத்த நாள், தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் கல்யாணமும் கிடையாது, கறியும் கிடையாது. அந்தக் காலத்தில் இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நன்மை, அதாவது பூசையில் சாமியார் தரும் அப்பம், வாங்குகிறவர்கள் முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட வாயில் படாமல் இருக்க வேண்டும். பூசை வைக்கிற சாமியாரும் அப்படியே. மத்தியானம் ஒரு மணிக்குள் பூசையைத் தொடங்கிவிட வேண்டும், அதைத் தாண்டினால் அன்றைக்குப் பூசை இல்லை.

காலை எட்டு மணிக்குப் பூசை என்று பேச்சு. ஏழரைக்கே நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கொட்டடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று, சாமியாரைக் காணோம். லயத்துக்குப் பின்னால் ஆட்டுக்கறி கொதிக்கும் மணம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் வயிறு கூப்பாடு போடுவது கேட்டது. கல்யாணப் பெண் வெட்கத்தில் தலை குனிந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் கறியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் கீழேயிருந்து நடந்து வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சாமியார் வந்த வாடகை ஜீப் பாதி மலையில் புகை விட்டுக்கொண்டு நிற்கிறதாம். ரேடியேட்டரில் ஓட்டையாம், ஊற்றுகிற தண்ணீர் ஒழுகிவிடுகிறதாம். பக்கத்தில் ஓடை எதுவும் இல்லை. மாசி வெயிலில் எல்லாம் வற்றிக் கிடந்தது. சாமியார் வயதானவர், முட்டிவலிக்காரர், நடந்து ஏறக்கூடியவர் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “பூசை இல்லாத கல்யாணம் எம்மவனுக்கு வேண்டாம். ஒரு மணிக்குள்ள சாமி வந்தாச் சரி. இல்லன்னா நாங்க கெளம்புதோம். ஆண்டவருக்கே இஷ்டமில்லன்னுதான் அர்த்தம்,” என்றார். ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துத் திரும்ப வருவீர்களா என்று அப்பா கேட்டதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அண்ணன் மகள் இருக்கிறாளே.

ஜீப்புக்குத் தண்ணீர் கொண்டுபோக எங்கள் ஆட்கள் குடம் தேடினார்கள். அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அவர் பிராட்டஸ்டண்டு, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் ஆள், நல்ல வாட்டசாட்டம். “நீங்கல்லாம் ராத்திரியில இருந்து பட்டினி. குடத்தத் தூக்கிட்டுப் போய் வழியில விழுந்தா, ஒங்கள யாரு தூக்குறது? நாங்க காலையில வயிறு முட்டக் கஞ்சி குடிச்சவங்க. நாங்க போறோம்,” என்றார். சொன்ன கையோடு அவருடைய ஆட்களைக் கூட்டிக்கொண்டார். ஆளுக்கொரு குடம் தலையில். போகிற போக்கில் எங்கள் அப்பாவிடம், “மச்சான், ஒருவேள நேரமாயிட்டா அந்தக் கறியப் பத்திக் கவலப்படாதீங்க. எங்களுக்கு நாளைக்கும் கறி செல்லும்,” என்று கிண்டல் வேறு. அழுகிற மாதிரி இருந்த நான் சிரித்துவிட்டேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குத் தலை பின்னி, பூ வைத்து, சேலை மடிப்பு எடுத்து விட்டதெல்லாம் அவள்தான். எங்கள் பூசைக்கு வருவதில்லை என்பதால் கொட்டடி வாசலோடு நின்றுகொண்டிருந்தாள். புருஷன் கிளம்பும்போது வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அதில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பிறகு காத்திருப்புதான். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டுக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கொட்டடிக்குள் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோயில்பிள்ளை ஜெபமாலை சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார். மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் குனிந்து, “பசிக்கா?” என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. “உயிரு போவுது,” என்றேன். “எனக்கும்,” என்றார். இந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நேரத்தில் முடிவு செய்துவிட்டேன்.

பன்னிரண்டரை வாக்கில் ஜீப் சத்தம் கேட்டது. பலர் வெளியே ஓடினார்கள், நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசல் வழியாக எட்டிப்பார்த்தோம். ஜீப் தானாகப் பாதியும் பின்னால் ஆட்கள் தள்ளிப் பாதியுமாக ஏறி வந்தது. அதற்கு முன்னால் வந்தது ஒரு மணம். நல்ல சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பி மணம். பட்டினி கிடந்த அத்தனை பேர் மூக்கிலும் அது ஏறியது. கொட்டடிக்குக் கீழே வண்டி நின்றதும் சாமியார் இறங்கினார். அவருடைய வெள்ளை அங்கியின் முன்பக்கம் முழுக்கக் காப்பிக் கறை. கையில் தூக்குவாளி, மூடி திறந்து, காலியாக. அதை வாசலில் நின்ற அக்கா கையில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று உடுப்பு மாற்றத் திரைக்குப் பின்னால் ஓடினார். எங்கள் அப்பாவும் கோயில்பிள்ளையும் பின்னாலேயே ஓடினார்கள். வண்டி தள்ளியவர்கள் கீழேயே மூச்சு வாங்கிக்கொண்டு மண்ணில் படுத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. காலி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “ஒரு சொட்டு மிச்சமில்ல பாரேன். பாவம், அந்த வெயில்ல எவ்வளவு தாகமோ சாமிக்கு,” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். “காப்பியா குடுத்துவிட்ட? பூச வைக்கப்போற சாமிக்கா?”

“ஆமாங்கம்மா. ஏன்?”

“நடுராத்திரியில இருந்து தண்ணிகூடப் படக்கூடாதேம்மா. குடிச்சிருந்தா இன்னைக்குப் பூச கெடையாது. போச்சு.”

அக்கா விழித்தாள். “பட்டினி நன்ம வாங்குதவுகளுக்குத்தானே? குடுக்குதவுகளுக்குமா?” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுடைய உபதேசியார் ஆராதனைக்கு முன்னால் இவள் வீட்டில்தான் காப்பி குடித்துவிட்டுப் போவார். எங்கள் பூசைக்குள் அவள் என்றைக்கும் வந்ததில்லை, எங்கள் சாமியாரின் சட்டம் அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி லயத்தை நோக்கி நடந்தாள், கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“எந்திரிலே, கெளம்புவோம்,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பசி, கோபம், அழுகை மூன்றும் சேர்ந்துகொண்டது. கல்யாணப் பெண் எழுந்து நடக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்து, நேராகத் திரை பக்கம் போனேன்.

“சாமி, காப்பி குடிச்சீங்களா?”

திரையை விலக்கிச் சாமியார் எட்டிப்பார்த்தார். பாதி உடுப்புத்தான் போட்டிருந்தார். “நானா? நாக்குல ஒரு சொட்டுகூடப் படலியேம்மா. அம்புட்டையும் ஜீப்புல்லா குடிச்சிது,” என்றார்.

பிறகுதான் விவரம் சொன்னார். குடத்துத் தண்ணீர் எல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டதாம். கடைசி ஏற்றத்தில் வண்டி மறுபடியும் கொதித்து நின்றுவிட்டதாம். தோட்டத்துக்கு இன்னும் கால் மைல் இருக்கிறது, மணியோ ஓடுகிறது. சாமியார் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டிருந்தார். மூடி வழியாக வந்த மணத்தை மோந்துகொண்டே, பூசை முடிந்ததும் முதலில் இதைத்தான் குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தாராம். டிரைவர் மலையாளி, தண்ணீரை வெள்ளம் என்பவர். “வேற வெள்ளம் ஏதுங் கெடையாது சாமி. அதத் தாங்க,” என்று வாளியைக் கை காட்டியிருக்கிறார். மனசில்லாமல்தான் கொடுத்தாராம். ஊற்றும்போது சூட்டில் பொங்கி அங்கியெல்லாம் தெறித்துவிட்டது. “ஆனா ஒண்ணும்மா, அதைக் குடிச்ச பெறவுதான் வண்டிக்கு உசுரு வந்துது. அந்தக் காப்பி இல்லன்னா நான் இன்னும் அந்த வளைவுலதான் நிப்பேன்,” என்றார்.

கொட்டடி முழுக்கச் சிரிப்பு. தூங்கிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட என்ன ஏது என்று கேட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“மணி பன்னெண்டே முக்கா, போய் உக்காரு,” என்று சாமியார் விரட்டினார். நான் உட்காரவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். பின்னால் எங்கள் அம்மா கத்துவது கேட்டது. அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. “அக்கா, சாமி குடிக்கல. ஜீப்புதான் குடிச்சிருக்கு,” என்றேன். உள்ளே அழுகைச் சத்தம் நின்றது. “பொய் சொல்லாத,” என்றாள். “சத்தியமா. நீ குடுத்த காப்பியிலதான் ஜீப்பே ஏறி வந்துச்சு. இப்ப நீ வரலன்னா நானும் போகமாட்டேன், ஒரு மணி ஆயிரும், பாத்துக்க.”

கதவு திறந்தது. கண் சிவந்து, மூக்கு சிவந்து நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கொட்டடி வாசலில் வழக்கம்போல நின்றுவிட்டாள். நான் இழுக்க, அவள் தயங்க, அங்கேயே ஒரு போராட்டம். அப்போது முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாயைத் தட்டிக் காட்டி, “வாம்மா, இங்கன வந்து உக்காரு,” என்றார். அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் புருஷனும், குடம் தூக்கிய மற்றவர்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அந்தக் கொட்டடியில் அத்தனை பேர் ஒன்றாக நின்று நான் பார்த்ததே இல்லை.

சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். கட்டும்போது மாப்பிள்ளையின் கை மறுபடியும் நடுங்கியது. பூசையைத் தொடங்கும் முன் திரும்பி, “இன்னைக்குப் பிரசங்கம் கெடையாது, சாப்பாடுதான்,” என்று சொல்லிவிட்டு லத்தீனில் ஆரம்பித்தார். அவர் இரண்டு வரி சொல்லியிருப்பார், ஒரு மணிச் சங்கு ஊதியது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

பூசை முடிந்ததும் அக்கா புதிதாகக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சாமியார் கேட்டு வாங்கி மூன்று தம்ளர் குடித்தார். கறி ராத்திரிக்குள் தீர்ந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் ஆசைப்பட்டபடி மறுநாளைக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் விடியலில் நான் சாந்தன்பாறைக்குக் கிளம்பிவிட்டேன். அந்த வருஷமே அப்பாவும் அம்மாவும் என் அண்ணனோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதால், நான் அந்தக் கொட்டடிக்குத் திரும்பிப் போகவே இல்லை. அதற்குப் பிறகு பெரிய பெரிய கோயில்களில் பூசை கண்டிருக்கிறேன். மாமியாரும் நானும் கடைசிவரைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்து கண்ட பூசைகளுக்குக் கணக்கே இல்லை. பட்டினி கிடந்து காத்திருந்தது நாங்கள்தான், ஆனால் எங்கள் பூசையை மலையேற்றிக் கொண்டுவந்து சேர்த்தது கஞ்சி குடித்துவிட்டு வந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள். எங்கே முழந்தாளிட்டாலும் அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எனக்காக ஜெபிக்கத் தொடங்குகிறேன்.