வண்டி வெளியேறிவிட்டது

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். படிப்பு பத்தாவது. இந்த வேலைக்கு முன்னால் சில வருடங்கள் வெளியூரில், பெரிய விமான நிலையம் ஒன்றில் பறவை விரட்டினேன். அங்கே ஒரு காலையில் நடந்ததை, இப்போது கம்பெனி வேலைக்கு வருகிற இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

வருஷம் பூரா தீபாவளி

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பறவை மோதினால் இன்ஜின் கெட்டுவிடும். அதனால் ஓடுபாதை ஓரத்துப் புல்லில் கூடும் கொக்கு, பருந்துகளைச் சத்தம் போட்டு விரட்ட வேண்டும். அதற்கு இரும்புக் குழாயில் வைத்து விடுகிற ராக்கெட் உண்டு. எங்கள் ஊர்ச் சரக்கு. சரக்கு கொடுத்த கான்ட்ராக்டரே, வெடி தெரிந்த ஆள் என்று என்னையும் அனுப்பி வைத்தார்.

ஜீப் ஓட்டியவன் செல்லப்பாண்டி. சாத்தூர்க்காரன், என்னைவிட இளையவன். முதல் நாளே சொன்னான்:

"அண்ணாச்சி, இங்கன சீசனே கிடையாது. வருஷம் பூரா தீவாளிதான். என்ன, கூட நின்னு வேடிக்க பாக்க ஆளு இருக்காது."

அது உண்மை. ஒவ்வொரு விமானத்திலும் ஊரே உட்கார்ந்து போகும். ஒரு முகம்கூடத் தெரியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்பதால் என் இருமல்கூட எனக்குக் கேட்காது. நான் யாரிடமும் நானாகப் போய்ப் பேசுகிறவன் இல்லை. அங்கே என்னோடு பேசிய ஒரே ஆள் செல்லப்பாண்டிதான். பேச்சு முழுவதையும் அவனே பேசுவான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஓடுபாதைக்குள் நுழைய, விமானங்களுக்கு வழி சொல்கிற டவரில் அனுமதி கேட்க வேண்டும். வெளியே வந்ததும் "ரன்வே வெகேட்டட்", அதாவது பாதையை விட்டு வெளியேறிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அதற்கான வாக்கி டாக்கி ஜீப்பில் மட்டும்தான் இருந்தது. எனக்கென்று தனியாக ஒன்றும் தரவில்லை.

ஈசல் கிளம்பிய காலை

முதல் நாள் பெய்த மழைக்குப் புல்லெல்லாம் ஈசல். கொக்குக் கூட்டம் வெள்ளைத் துணி விரித்தது போல இறங்கியிருந்தது. அனுமதி வாங்கி உள்ளே போனோம். இரண்டாவது ராக்கெட் நமத்திருந்தது. குழாயிலிருந்து சாய்வாகக் கிளம்பி, தாரில் விழுந்து, புகைந்து, அடங்கிவிட்டது. வெடிக்கவில்லை.

எங்கள் ஊரில் வெடிக்காத வெடியின் பக்கம் உடனே யாரும் போக மாட்டார்கள். எல்லோரும் விலகிவிடுவார்கள். விவரம் தெரியாமல் வேறு யாரும் அதை எடுத்துவிடாதபடி ஒருவர் மட்டும் தள்ளி நின்று காவல் பார்ப்பார். ஆறிய பிறகு ஈரச் சாக்கைப் போட்டு எடுப்போம். பழக்கத்தில் நான் சொன்னேன்:

"ஏலே, வண்டிய அங்கிட்டு எடுத்துட்டுப் போ. மிச்சச் சரக்கு உள்ள இருக்கு. நான் நிக்கேன்."

அவனும் நம் பக்கத்து ஆள். ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை வெளிப்பாதைக்குக் கொண்டுபோனான். டவரில் கேட்டார்கள்: வண்டி வெளியே வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றான். அதுவும் உண்மைதானே?

அன்று காலை டவரில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரே பார்த்திருக்கிறார். வானத்தில் வருகிறவர்களுக்கும் அவர், தரையில் ஓடுகிறவர்களுக்கும் அவர். மழை மூட்டத்தில், பாதையின் கடைசியில் நிற்கும் ஓர் ஆள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வண்டி வெளியே வந்ததும் இறங்க வந்த விமானத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. மூட்டத்துக்குள் விளக்கு தெரிந்தபோதுதான் புரிந்தது. புல்லுக்குள் ஓடியிருக்கலாம். ஆனால் தாரில் ராக்கெட் கிடக்கிறது. மஞ்சள் சட்டையைக் கழற்றி, பாதையில் ஏறி நின்று வீசினேன். கத்தவும் செய்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

விமானம் இறங்காமல் மூக்கைத் தூக்கி, என் தலைக்கு மேல் போயிற்று. அந்தக் காற்றில் கீழே விழுந்தேன். செல்லப்பாண்டி வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வாக்கி டாக்கியில் கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டியிருந்தது.

"ஆளு நிக்கு, ஆளு நிக்குனு சொல்லுதேன், வேற எவனோ நடுவுல பேசிட்டே இருக்கான் அண்ணாச்சி!"

விமானி என்னைப் பார்த்தாரா, டவருக்கு இவன் குரல் கேட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

விசாரணை

இருவரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி செல்லப்பாண்டியிடம் கேட்டார்.

"வெகேட்டட்னு சொன்னது நீதானே?"

"ஆமா சார். வண்டிய கேட்டீக, வண்டி வந்துருச்சுன்னேன். ஆளக் கேக்கலீகளே."

"கிண்டலா?"

"இல்ல சார், நெசமாத்தான்."

நிலையத்துக்குள் நுழைய அவனுக்கிருந்த பாஸைப் பறித்தால் அதோடு வேலை போச்சு. பெரிய ஆட்கள் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"சார், நான்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். எங்க ஊர்ல அப்படித்தான், ஒரு ஆளு காவலுக்கு நிப்போம். அவன் மேல தப்பில்ல. டவர்லயும் அன்னைக்கு ஒத்த ஆளுதானே சார் இருந்தாக."

"டவரைப் பத்தி நீ பேசாதே" என்றார். அதோடு முடிந்தது.

செல்லப்பாண்டியின் பாஸை ரத்து செய்தார்கள். பெட்டியோடு பஸ் ஏறும்போது, "இனிமே நீங்களாப் பேசிப் பழகுங்க அண்ணாச்சி" என்று சிரித்தான்.

அதன்பின் எனக்கும் ஒரு வாக்கி டாக்கி கொடுத்தார்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. டவரின் இரண்டாவது நாற்காலிக்கு ஆள் வந்தாரா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது? புது டிரைவருக்குத் தமிழ் வராது. கான்ட்ராக்ட் முடியும்வரை தினமும் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் ஆள் கணக்கு மட்டும்தான்.

இப்போது

இங்கே இடி இடித்தால் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்புவோம். ரூம்களைப் பூட்டியபின் வெளி வாசல் பக்கம் நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். திரி வெட்டுகிற மாரியம்மாள் போன வாரம் கேட்டாள்:

"கதவத்தான் பூட்டியாச்சே அண்ணாச்சி, பெறகு என்னத்துக்குப் பேரு? மழையில நனைய வச்சு எங்களுக்கும் நமத்துப் போச்சு."

"கதவு பூட்டிருக்குன்னா உள்ள ஆளு இல்லனு அர்த்தமில்ல தாயி" என்றேன்.

நான் கற்றது அவ்வளவுதான். வண்டி வந்ததா, கதவு பூட்டியதா என்று கேட்காதீர்கள். ஆள் வந்தாரா என்று கேளுங்கள். அவர் வாயால் பதில் வரும்வரை நில்லுங்கள்.

அன்று பேர்கள் முடிந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். மாரியம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்து, "நீங்க வந்துட்டீகளா?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டிருப்பாள். நான் பேர் எழுதிய நோட்டை மூடினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"வந்துட்டேன்" என்றேன்.